ஞாயிற்றுக்குக் கிழமை தெரியாது

போன மாதம் எங்கள் பழைய ஆய்வு நிலையத்திலிருந்து மூன்று பேர் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். புதிதாக வந்திருக்கும் ஒரு மென்பொருளை எனக்குக் காட்ட வேண்டுமாம். ஒரு பக்கம் சூரியனின் அளவீடுகளையும் மறுபக்கம் அயனி மண்டலத்தின் அளவீடுகளையும் கொடுத்து ஒரு பொத்தானைத் தட்டினால், காப்பி ஆறுவதற்குள் இரண்டுக்கும் இடையில் உள்ள உறவுகளையெல்லாம் வரிசையாகக் கொட்டிவிடுகிறது. நான் அசந்துதான் போனேன். அவற்றில் ஒரே ஒரு கணக்கைப் போட ஒரு காலத்தில் எனக்கு ஒரு மழைக்காலமே ஆகியிருக்கிறது.

காட்டி முடித்ததும் அவர்களில் ஒரு பெண் கேட்டாள். "மேடம், இது ஏகப்பட்ட உறவு காட்டுது. எல்லாத்துக்குமே நம்பலாம்னு பச்சைக் குறி போடுது. இதுல எதைத்தான் நம்புறது?"

நான் சொன்ன பதில் நீண்டுகொண்டே போய் மதியச் சாப்பாட்டில் வந்து முடிந்தது. கிளம்பும்போது, சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. படித்தது புள்ளியியல். சிதம்பரத்தில் ஓர் ஆய்வு நிலையத்துக்குக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது, வரவு செலவு பார்க்கிற வேலை என்று நினைத்துத்தான் விண்ணப்பம் போட்டேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே நான் கணக்குப் பார்க்க வேண்டியது சூரியனுக்கு என்று. இதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. என் மாமியார் கடைசி வரைக்கும், "எங்க மருமவ மழை ஆபீசுல இருக்குது" என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வடாம் காய வைக்கலாமா என்று தெருப் பெண்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் வானத்தைப் பார்த்து ஏதாவது சொல்லி வைப்பேன்.

பயிற்சிக்காக வடக்கே ஓர் ஊரில் சில மாதம் இருந்தேன். அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூரிய ஒளி தரைக்கு வந்து சேருமுன், வெகு உயரத்திலேயே காற்றைத் தாக்கி, அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கிறது. அப்படி மின்னேறிய காற்றடுக்குதான் அயனி மண்டலம். அந்தக் காலத்தில் ராத்திரியானால் தூரத்து வானொலி நிலையங்கள் திடீரென்று தெளிவாகக் கேட்டது இந்த அடுக்கில் பட்டுத் திரும்பி வந்ததால்தான். சூரியன் ஏறக்குறைய பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை உக்கிரமாகும், பிறகு தணியும். உக்கிரமான வருஷங்களில், நம் பக்கத்து ஊர்களுக்கு மேலே, பொழுது சாய்ந்தபின் அந்த அடுக்கில் குமிழ் குமிழாக ஓட்டைகள் கிளம்பும். அவற்றின் வழியாக வரும் செயற்கைக்கோள் சைகைகள், அதாவது சிக்னல்கள், நட்சத்திரம் போல மினுக்கும். சில நேரம் அறுந்தே போகும். இந்த மினுக்கத்தை அளந்து, சூரியனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நான் வேலையில் இருந்த காலத்தில் சூரியன் நான்கு முறை உச்சத்துக்குப் போனது. இங்கே சொல்லப்போவது இரண்டாவது உச்சத்தில் நடந்தது.

எங்கள் தலைவர் ஹபீபுல்லா சார். பரங்கிப்பேட்டைக்காரர். முழுக்கை வெள்ளைச் சட்டையை எந்த வெயிலிலும் மடித்துவிடமாட்டார். அவருடைய மேசை இழுப்பறையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். நாம் ஒரு முடிவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் மல்லாட்டையை உரித்துக்கொண்டே கேட்பார். நாம் சொல்வதில் எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே உரிப்பது நின்றுவிடும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். கை நின்ற இடத்தை மனதில் வைத்துக்கொண்டு நாமே திரும்பிப் போய்க் கணக்கைப் பார்க்க வேண்டியதுதான். உரிப்பது நிற்காமல் கடைசி வரை வந்துவிட்டால் அது பாராட்டு. வேறு பாராட்டு அவரிடம் கிடையாது.

நான் சேர்ந்து சில வருஷம் ஆனபின் ஒருநாள், சூரியப் புள்ளிகள் கூடியதும் அயனி மண்டலம் எப்படிப் பொங்கியது என்பதற்கு அழகான ஒரு வரைபடம் போட்டு விளக்கு வைத்துச் சுவரில் பெரிதாகக் காட்டுகிற ஓ.எச்.பி. கண்ணாடித் தாளில் எடுத்துப் போனேன். அவர் அதை வாங்கி, ஓரத்து எழுத்துகளைக் காகிதத்தால் மறைத்து, விளக்கின் மேல் வைத்து, "சொல்லும்மா" என்றார். நானும் இங்கே சூரியன் ஏறுகிறது, சில நாள் கழித்து அங்கே இது ஏறுகிறது என்று சரளமாகச் சொல்லி முடித்தேன். அவர் காகிதத்தை எடுத்தார். தாள் இடவலமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. காலம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் விளக்கியதெல்லாம், முதலில் அயனி மண்டலம் பொங்கி அதற்குப் பிறகு சூரியன் ஏறிய கதை.

"காரணம் பின்னாடி வந்தாலும் உன் கதை நல்லாத்தாம்மா இருக்கு. அப்ப கதைய வச்சு நாம என்ன பண்றது?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இதற்கு வழி இயற்பியலில் இல்லை, நான் படித்த படிப்பில் இருந்தது. அதை அவருக்குச் சொன்னேன். சூரியனில் வெடிப்பு நடந்த நாட்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களுக்குச் சராசரி எடுத்தால் ஒரு மேடு தெரியும். பார்த்ததும் மனசு துள்ளும். துள்ளவிடக் கூடாது. அதே மாதங்களிலிருந்து அதே அளவு நாட்களைக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்குவது போல எடுத்து, அவற்றுக்கும் அதே போல அடுக்கிச் சராசரி போட வேண்டும். அதிலும் ஒரு மேடு வரும்! இப்படி ஆயிரம் தடவை குலுக்கிப் பார்த்து, நம்முடைய மேடு அந்தக் குலுக்கல் மேடுகள் அநேகமாக எல்லாவற்றையும் விட உயரமாக இருந்தால்தான் சூரியனைப் பற்றி வாயைத் திறக்கலாம். அதே மாதங்களிலிருந்து எடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் பருவம் மாறுவதைச் சூரியனின் வேலை என்று நினைத்து ஏமாந்துபோவோம்.

சார் இதைக் கேட்கும்போது மல்லாட்டை உரிபட்டுக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் குலுக்காமல் எதுவும் வெளியே போனதில்லை. அப்போதைய கணினிக்கு ஆயிரம் குலுக்கலுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அதை ஓடவிட்டுவிட்டு நான் சந்நிதித் தெருவில் காய் வாங்கிக்கொண்டு வருவேன்.

இரண்டாவது உச்சம் நெருங்கியபோது, கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, மொட்டைமாடியில் ஜி.பி.எஸ். ஆண்டெனா ஒன்றை வைத்தோம். வாரம் ஒருமுறை நான் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பதிவுகளை எடுத்து வருவேன். ஒரு மாலைக்குச் சைகை எவ்வளவு நேரம் அறுந்தது என்று ஒரே எண்ணாகச் சுருக்கி வைத்துக்கொள்வோம்.

அப்போதுதான் விசைப்படகுகளிலும் ஜி.பி.எஸ். கருவி வரத் தொடங்கியிருந்தது. கலியமூர்த்தி என்ற படகு ஓட்டுநர் என்னைத் தேடி அந்த மாடிக்கு வந்தது ஒரு செப்டம்பர் மாதத்தில். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

அவர் ஓட்டியது அருணகிரி என்பவருடைய படகு. அருணகிரியின் மனைவி தனலட்சுமி இவருக்குப் பெரியப்பா மகள். அதனால் அருணகிரி மாமா முறை. அந்த ஜூலையில் ஒரு மாலை, தூறலும் மூட்டமுமாக இருந்ததால் கரை விளக்குகள் தெரியவில்லை. முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கிறது. அதை விட்டு விலகி உள்ளே வரும் வழியைக் கருவியில் குறித்து வைத்திருந்தார்கள். அதை நம்பி வந்துகொண்டிருந்தபோது கருவி திடீரென்று வெறிச்சோடிப் போய்விட்டது. இவர் வேகத்தைக் குறைப்பதற்குள் படகு திட்டில் ஏறி அடிப்பலகை பிளந்துவிட்டது. பின்னால் வந்த படகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கரைக்கு வந்த பிறகு, கருவி கெட்டது என்று இவர் சொன்னதை அருணகிரி நம்பவில்லை. மறுநாளே அந்தக் கருவியை வேறொரு படகில் வைத்துப் பார்த்தால் அது நன்றாக வேலை செய்தது. மச்சான் குடித்துவிட்டு ஓட்டினான் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு கலியமூர்த்திக்கு எந்த முதலாளியும் படகு கொடுக்கவில்லை. ஐஸ் பேக்டரியில் கட்டி உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"டீக்கடையில பேப்பர் படிச்சாங்க மேடம். அந்த வாரம் சூரியன்ல ஏதோ வெடிச்சிச்சாம். அதனால இந்த மாதிரி மிசினெல்லாம் கெடும்னு போட்டிருந்தாங்களாம். நீங்க அதைத்தானே பாக்குறீங்க. சூரியனாலதான் கெட்டுதுன்னு எங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் குடிக்கறவன் இல்ல."

அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன அதே நேரத்தில் எங்கள் ஆண்டெனாவிலும் சைகை அறுந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதே அவரோடு கிளம்பிப் போய் அருணகிரியிடம் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் நிலையத்தின் வழக்கப்படி முதலில் சாரிடம் சொல்ல வேண்டும். சிதம்பரம் திரும்பிச் சொன்னேன். சூரியன் வெடித்தது, சைகை அறுந்தது என்று நான் முடித்தபோது மல்லாட்டை உரிப்பது நின்றிருந்தது.

ஏன் என்று எனக்கே தெரியும். வெடிப்பின் நேரடி விளைவு பகல் இருக்கும் பக்கத்துக்குத்தான். இவர் படகு தட்டியது பொழுது சாய்ந்த பிறகு. வெடித்த சில நாள் கழித்து வரும் காந்தப் புயலால் ஆகியிருக்கலாம் என்றால் அதையும் குலுக்கித்தான் பார்க்க வேண்டும். இரண்டு வருஷப் பதிவுகளையும் வைத்துக் குலுக்கினேன். வெடிப்பு நாட்களும் அவற்றுக்கு அடுத்த நாட்களும் சும்மா எடுத்த நாட்களோடு கலந்து அடையாளம் தெரியாமல் கிடந்தன. புயல் நாட்களில் மினுக்கம் கொஞ்சம் குறைந்தே இருந்தது. போதாததற்கு ஜூலை மாதத்தில் எங்கள் பக்கம் மினுக்கமே அபூர்வம்.

அடுத்த வாரம் கடலூருக்குப் போய்க் கலியமூர்த்தியிடம் இதைச் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான்: பேப்பரில் போட்டிருந்ததை நான் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் கோபப்படவில்லை.

"அப்ப நான் குடிச்சிட்டு ஓட்டுனேன்னு சொல்றீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அப்படி இல்லை, காரணம் எனக்கு இன்னும் தெரியவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்று பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும் வரை எனக்கு மனசே சரியில்லை. ஒருத்தர் பேரைக் காப்பாற்ற ஒரு வார்த்தை போதும் என்று இருந்தபோது அந்த வார்த்தையை நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அது பொய்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஜூலையில் மினுக்கம் அபூர்வம் என்றால் அன்றைக்கு எங்கள் ஆண்டெனாவிலும் சைகை அறுந்தது எதனால்? அந்த மாதப் பதிவில் அப்படி அறுந்த மாலைகள் இன்னும் சில இருந்தன. அவை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றன என்று பார்க்க இரண்டு வருஷப் பதிவுகளையும் வைத்து ஒரு கணக்கு ஓட்டினேன். சூரியன் தன்னைத் தானே சுற்றிவர ஏறக்குறைய இருபத்தேழு நாளாகும். அந்த இடத்தில் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வரைபடத்தில் ஏழு நாளுக்கு நேராக ஒரு கோபுரம் நின்றது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். வாரம் ஒருமுறை பதிவு எடுக்கப் போகிறவள் நான்தானே. எடுக்கும்போது எதையாவது கெடுக்கிறேனோ என்று பார்த்தேன். நான் போவது புதன்கிழமை. சைகை அறுவது ஞாயிற்றுக்கிழமை. படகு தட்டிய நாளைப் பார்த்தேன். அதுவும் ஞாயிறு.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். திருப்பிக்கூட வைக்கவில்லை.

"சூரியனுக்குப் பேருதாம்மா ஞாயிறு. கிழமை அதுக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்னு பாரு," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வேலைக்காலத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வாரங்கள். சுருக்கி வைத்த எண்ணை விட்டுவிட்டு மூலப் பதிவுகளுக்குப் போனேன். அதில் இரண்டு வகை பளிச்சென்று பிரிந்தன. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் எல்லாக் கிழமையும் சைகை அறுந்தது. அப்போது செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மேற்கிலிருந்து கிழக்காக மங்கின. அது குமிழ்கள் நகர்ந்து போவதன் அடையாளம். சூரியன் செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சமாசாரம் வேறு. அது எல்லா மாதத்திலும் வந்தது. வானத்தில் இருக்கும் அத்தனை செயற்கைக்கோளும் ஒரே நொடியில் மறைந்து, ஒரே நொடியில் திரும்பி வந்தன. மேலே எங்கேயும் அப்படி நடக்காது. கீழே யாரோ சுவிட்சைப் போட்டு அணைக்கிறார்கள்.

அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குடிகாடு பக்கத்து ஆலை இயந்திரங்களாக இருக்கும் என்றார் ஒருவர். வேலை நாட்களில் பேசாமல் இருந்துவிட்டு விடுமுறை நாளில் மட்டும் தொந்தரவு செய்கிற இயந்திரம் உண்டா என்று சார் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. ஞாயிறு மாலையில் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் என்ன செய்கிறது? அதைக் கண்டுபிடித்தது புள்ளியியல் இல்லை. ஒரு ஞாயிறு என் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து மாலைப் படத்துக்குக் காத்திருந்தபோது எனக்கே உறைத்தது. படம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எங்கள் பதிவில் இருந்த நேரங்களோடு அப்படியே பொருந்தின.

ஒன்றே ஒன்று மட்டும் பொருந்தவில்லை. படகு தட்டிய ஞாயிற்றுக்கிழமை சைகை வழக்கம் போல அறுந்திருந்தது; ஆனால் படம் முடிவதற்கு வெகு முன்னாலேயே திரும்பி வந்திருந்தது. ஏன் அந்த ஒரு நாள் மட்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் சாரும் கடலூருக்குப் போனோம். கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு, படம் தொடங்கும் நேரத்தில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தோம். எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே வசனம் வந்துகொண்டிருந்ததால் நடந்துகொண்டே படத்தை முழுசாகக் கேட்க முடிந்தது. சார் வெள்ளைச் சட்டையோடு கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்த ஓர் அம்மா, ரோடு அகலப்படுத்த அளக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டம். எங்க வூடு போவுதா, எதிர்ச்சாரி வூடு போவுதா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். யார் வீடும் போகாது என்று சார் சொல்லச் சொல்லக் கூட்டம் கூடிக்கொண்டேதான் போனது.

ஒரு தெருமுனையில் கருவியில் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. முன்னால் போனால் திரும்ப வந்தது. பின்னால் வந்தால் மறுபடி போனது. அந்த இடத்தில் ஒரு மாடி வீடு இருந்தது. இலங்கை ஒளிபரப்பும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பனைமர உயரத்துக்குக் குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனாவும் அதோடு ஒரு பூஸ்டரும் வைத்திருந்தார்கள். சைகையைப் பெருக்கிக் காட்டும் அந்தச் சின்னப் பெட்டி பழுதானால், வாங்குவதோடு நிற்காமல் தானும் கத்தத் தொடங்கும். நமக்குக் கேட்காது, ஜி.பி.எஸ்.ஸுக்குக் கேட்கும். தெருவில் வீடுகள் மறைத்துக்கொள்ளும்; அவ்வளவு உயரத்திலிருந்து எங்கள் மொட்டைமாடிக்கும் முகத்துவாரத்துக்கும் மறைப்பே கிடையாது.

யார் வீடு என்று கூட்டத்தில் கேட்டேன். "அருணகிரி வூடு," என்றார்கள்.

தனலட்சுமி அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களோடு படம் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாரத்தில் ஞாயிறு படத்துக்கு மட்டும்தான் டிவியும் பூஸ்டரும் போடுவாராம். பூஸ்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னதற்கு, விளம்பரம் வரட்டும் என்றார். நியாயம்தான் என்று நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம். விளம்பரம் வந்ததும் அவர் நிறுத்தினார். வாசலில் கருவியோடு நின்ற சார், எல்லாம் திரும்ப வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். தனலட்சுமி அம்மா மறுபடி போட்டார்; போய்விட்டது என்றார் சார். ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம், இன்னொரு தடவை என்று சார் கேட்டுக்கொண்டே இருந்ததில் விளம்பரம் முடிந்து படம் வந்துவிட்டது. படம் புள்ளி புள்ளியாக நடுங்குவதும் நிற்பதுமாக, உள்ளே இருந்த பெண்கள் சாரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் அருணகிரி வந்தார். கூட்டத்தின் ஓரத்தில் கலியமூர்த்தியும் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அருணகிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெரிய உடம்பு, நிதானமான மனிதர். தானே ஒருமுறை சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இப்ப கெடுது, சரி. அன்னைக்கும் இதாலதான் கெட்டுதுன்னு நீங்க பாத்தீங்களாம்மா?"

சார் என்னைப் பார்த்தார். அவர் பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. கணக்கு என்னுடையது.

"பாக்கலங்க," என்றேன். "சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால ஆவாது. ரெண்டு வருஷமா அநேகமா எல்லா ஞாயித்துக்கிழமையும் கெட்டிருக்கு. அன்னைக்கும் கெட்டிருக்கு. ஆனா அன்னைக்கு மட்டும் படம் முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே சரியாயிடுச்சு. அது ஏன்னு எனக்குத் தெரியல."

அருணகிரி கலியமூர்த்தியின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது.

தனலட்சுமி அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார்.

"நான்தான் ஆஃப் பண்ணுனேன்," என்றார். கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். "படகு தட்டிடுச்சுன்னு ஆளு ஓடியாந்து சொன்னுச்சே, அப்ப. டிவியையும் இந்தப் பொட்டியையும் ஆஃப் பண்ணிப்புட்டு, தம்பி உசுரோட வந்தானான்னு பாக்க ஓடுனேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் நாங்க படந்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

இரண்டு வருஷப் பதிவில் எனக்குப் புரியாமல் கிடந்த அந்த ஒரே ஒரு மாலை அந்த இடத்தில் விளங்கிவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை குலுக்கியிருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கருவியைக் குனிந்து பார்ப்பது போல நின்றேன்.

அருணகிரி மாடிக்குப் போய், குழாயிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கி, பூஸ்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினார். உள்ளே படம் அடியோடு மறைந்துபோனது. இந்தத் தடவை யாரும் திட்டவில்லை. கலியமூர்த்தி அதற்குள் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலையில் அருணகிரி ஐஸ் பேக்டரிக்குப் போயிருக்கிறார். எல்லோர் முன்னாலும், "மச்சான், தப்பு எம்மேல. படகுக்கு வா" என்று கூப்பிட்டாராம். கையில் இருந்த கட்டியை உடைத்து முடித்துவிட்டுத்தான் இவர் வந்தாராம். இதை எனக்குச் சொன்னது தனலட்சுமி அம்மா. வீட்டுக்குக் கேபிள் கனெக்‌ஷன் வாங்கிவிட்டதாகவும், அதில் எல்லாப் படமும் தெளிவாகத் தெரிவதாகவும் சேர்த்துச் சொன்னார்.

இந்த ஆய்வைக் கட்டுரையாக எழுதினோம். இரண்டு வகைகளையும் பிரிக்கிற எங்கள் முறையைப் பலர் பின்பற்றினார்கள். சூரியனோடு சம்பந்தமில்லாத அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகுதியை நீக்கிவிடலாமே என்று கட்டுரையைச் சரிபார்த்தவர் ஒருவர் எழுதியிருந்தார். சார் மறுத்துவிட்டார். சூரியன் எதைச் செய்யவில்லை என்று சொல்லாமல் எதைச் செய்தது என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். கட்டுரையின் கடைசியில், தங்கள் தொலைக்காட்சியைப் பலமுறை நிறுத்தித் தந்த குடும்பத்துக்கு நன்றி என்ற வரியையும் அவரே சேர்த்தார்.

கலியமூர்த்தி ஒரு புதன்கிழமை மாடிக்கு வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். சாரும் அன்றைக்கு வந்திருந்தார். முதலில் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாரே, அதை இப்போது எழுதித் தரட்டுமா என்று சார் கேட்டார். வேண்டாம், அக்கா வாயாலேயே சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். கொஞ்ச நேரம் எங்கள் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியென்றால் நிஜமாகவே சூரியனால் கெடுவது என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி, எந்த மாதங்கள், பொழுது சாய்ந்து எவ்வளவு நேரம் கழித்து, எந்த மாதிரி வருஷங்களில் என்று வரைபடத்தில் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க கெடும்னு சொல்ற நாளுல, பத்துக்கு எத்தினி நாளு தப்பாப் போவும் மேடம்?"

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உறவு இருக்கிறதா, இல்லையா என்றுதான் எங்கள் கட்டுரைகளில் கேட்போம். நாளை மாலை ஒருத்தர் படகை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால் அது போதாது. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தெரிந்ததும் சொல்லச் சொன்னார்.

அதற்கு நல்ல பதில் ஒன்றைத் தயார் செய்ய எனக்கு அடுத்த உச்சம் வரை ஆனது. முன்கூட்டிச் சொல்வது, சொன்னதை மறுநாள் சரிபார்ப்பது, எத்தனை தரம் தவறினோம் என்று சேர்த்தே எழுதுவது என்று வேலையின் போக்கே மாறிப்போனது. இன்றைக்கு அந்த மூன்று பேர் பார்க்கும் வேலையும் அதுதான். சார் அதற்குள் ஓய்வு பெற்றுப் பரங்கிப்பேட்டைக்கே போய்விட்டார். நான் முடிவுகளை எடுத்துக்கொண்டு முதலில் போனது கடலூர்த் துறைமுகத்துக்கு. கலியமூர்த்திக்குத் தலை நரைத்திருந்தது. வலை இறக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எத்தனை நாள் சரியாக வரும், எத்தனை நாள் தப்பும் என்று ஒளிக்காமல் சொன்னேன். தப்புகிற எண்ணைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவர் விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார்.

"பரவால்ல மேடம்," என்றார். "இத வச்சு ஓட்டலாம்."